ஆடிட்டர் ஆபீஸில் கவனம் சிதறாமல் வேலையை முடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பல வருடமாகக் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகச் சேரும் ஆர்ட்டிகிள் பிள்ளைகள் (சிஏ படித்துக்கொண்டே பயிற்சிக்கு வருகிறவர்கள்), டேலி என்ற கணக்கு மென்பொருளில் என்ட்ரி போடுகிறவர்கள், பார்ட்டி (எங்கள் வாடிக்கையாளர்களை இப்படித்தான் சொல்வோம்) கம்பெனிகளின் அக்கவுண்டன்ட்கள் என்று யார் வந்து பேசினாலும் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. கணக்கு வேலையில் இல்லாதவர்களும் படிக்கலாம். ஜிஎஸ்டி என்று வரும் இடத்தில் உங்கள் வேலையின் கெடுவைப் போட்டுக்கொள்ளுங்கள்.

காலைல ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன், சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சாயங்காலம் பார்த்தா ஒரு ஃபைலும் முடியலை. எங்க தப்பு?

உட்கார்ந்திருந்தது உண்மைதான். ஒரே ஃபைலோடு உட்கார்ந்திருந்தீர்களா என்று பாருங்கள். வழக்கமாக நடப்பது இது: ஒரு மில்லின் பேங்க் ஸ்டேட்மென்ட் பாதி ஓடிக்கொண்டிருக்கும். ஹார்டுவேர் கடைக்காரர் போன் செய்து போன மாத சேல்ஸ் எவ்வளவு என்று கேட்பார். டேலியில் அவருடைய கம்பெனியைத் திறப்பீர்கள். திறந்ததும் இரண்டு பில் விட்டுப்போனது கண்ணில் படும், அதைப் போட ஆரம்பிப்பீர்கள். அதற்குள் ஆடிட்டர் ஒரு நோட்டீஸைப் பற்றிக் கேட்பார். மணி பன்னிரண்டு ஆகியிருக்கும். மூன்று பார்ட்டி வேலை கையில் இருக்கும், மூன்றும் பாதியில்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குப் போனால், மனதில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது, புது வேலை மட்டமாக நடக்கிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் சோதனை செய்து காட்டிய விஷயம் இது. ஆகவே நீங்கள் சோம்பேறி இல்லை. அன்று முழுக்கப் பாதி மனதோடு வேலை செய்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி, பாதியில் நிற்கும் வேலையை எப்படிக் குறைப்பது, நின்றால் எப்படிச் சுலபமாகத் திரும்ப எடுப்பது என்பதைப் பற்றித்தான்.

சார், காலைல வந்ததும் முதல்ல எதை எடுக்கணும்?

யோசித்து முடிவெடுக்க வேண்டிய வேலையை. வெறும் கை வேலையை அல்ல. ரீகன்சிலியேஷன் (பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் நம் கணக்கையும் ஒப்பிட்டு வித்தியாசம் பிடிப்பது), 2பி-யோடு (விற்றவர்கள் காட்டிய பில்களை ஜிஎஸ்டி போர்ட்டல் திரட்டித் தரும் பட்டியல்) பர்ச்சேஸை ஒப்பிடுவது, நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது, இவையெல்லாம் காலை வேலை. பில் என்ட்ரி, ஸ்கேன் செய்வது, ஃபைல் கட்டுவது ஆகியவற்றை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். சுலபமானதை முதலில் முடித்துவிடலாம் என்று என்ட்ரியில் இறங்கிவிட்டு, நோட்டீஸைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு, தலை கனக்கும்போது எடுக்கிறோம்.

எதை எடுப்பது என்பதைக் காலையில் வந்து முடிவு செய்யாதீர்கள். முந்தின நாள் கிளம்பும்போதே ஒரே ஒரு ஃபைலை எடுத்து கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் போங்கள். வந்ததும் வாட்ஸ்அப்பைத் திறந்தால் அன்றைய நாளை யாரோ ஒரு பார்ட்டி முடிவு செய்துவிடுவார். கெடு தேதிகள் சுவரில் பெரிதாக இருக்கட்டும்: 7 டிடிஎஸ் (பிடித்த வரியைக் கட்டுவது; மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30), 11 ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 14 2பி வரும் நாள், 15 பிஎஃப், ஈஎஸ்ஐ, 20 மாதாந்திர 3பி (வரியைக் கணக்கிட்டுக் கட்டும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்). இவற்றை மனதில் சுமப்பதே ஒரு தனி வேலை. சுவர் சுமக்கட்டும்.

பார்ட்டிங்க போன் பண்ணிட்டே இருக்காங்க. எடுக்கலைன்னா கோவிச்சுக்கறாங்க. எடுத்தா வேலை ஓடலை. என்னதான் பண்றது?

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. ‘போனை அணைத்து வையுங்கள்’ என்ற அறிவுரை நம் தொழிலுக்கு ஆகாது. பார்ட்டி போன் செய்வதே நம் பிழைப்பு. ஆனால் வருகிற போன்களில் உடனே பதில் தேவைப்படுவது எத்தனை என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். “பில் அனுப்பிட்டேன், வந்துச்சா?”, “ரிட்டர்ன் போட்டாச்சா?”, “ஆடிட்டர் சார் எப்ப வருவார்?” என்பவைதான் பெரும்பாலும் இருக்கும். இவை எதுவும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் கெட்டுப்போகாது.

எங்களுக்கு ஒத்துவந்தது முறை போட்டுக்கொள்வது. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை ஒருவர் மட்டும் எல்லாருடைய போனையும் எடுப்பார். பெயர், கம்பெனி, கேள்வி மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, “பன்னெண்டரைக்கு அவங்களே கூப்பிடுவாங்க” என்று சொல்லி வைத்துவிடுவார். மறுநாள் வேறு ஆள். சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கூப்பிடுவதுதான் இதில் உயிர்நாடி. இரண்டு முறை அப்படிக் கூப்பிட்டுவிட்டால் மூன்றாவது முறை அவர் கோபிக்க மாட்டார். கூப்பிடாமல் விட்டால் நேராக ஆடிட்டரின் நம்பருக்கே அடிப்பார். சிறிய ஆபீஸ், இரண்டே பேர்தான் என்றால் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

விலக்கு ஒன்று உண்டு: ஓடிபி. அது பார்ட்டியின் போனுக்குப் போகும், அவர் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். அவர் பைக்கில் போய்க்கொண்டிருப்பார், நீங்கள் போர்ட்டலைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பீர்கள். ஓடிபி தேவைப்படும் பார்ட்டிகளையெல்லாம் ஒரே வேளையில் சேர்த்துவிடுங்கள். “நாளைக்கு நாலுல இருந்து நாலரைக்குள்ள ஓடிபி கேட்போம், போன் பக்கத்துலயே இருக்கட்டும்ங்க” என்று முந்தின நாளே ஒரு மெசேஜ் போட்டால் போதும்.

சரி, ஆனா அது ரொம்ப கறாரா இல்லையா? மனுஷங்ககிட்ட அப்படி நடந்துக்கலாமா?

கறார்தான். எல்லா நேரத்துக்கும் தேவையில்லை, சில நேரத்துக்கு மட்டும் தேவை. 1974-இல் அமெரிக்காவில் ஷார்லட் விமான நிலையத்தில் இறங்க வந்த ஒரு விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்தது. விமானிகள் கடைசி நிமிடங்களில் சம்பந்தமில்லாத பேச்சில் இருந்தது விசாரணையில் தெரியவந்தது. 1981-இல் விதி வந்தது: ஏறும்போதும் இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே, விமானத்தை ஓட்டுவதற்குத் தேவையான பேச்சு மட்டும்தான். மேலே போனபிறகு தாராளமாகப் பேசலாம்.

நம் வேலையிலும் அப்படி ஒரு பத்தாயிரம் அடி உண்டு. 3பி-யில் ஃபைல் பட்டனை அழுத்துவதற்கு முந்தைய இருபது நிமிடம், சலான் கட்டும் நேரம், நோட்டீஸ் பதிலில் தொகை எழுதும் நேரம். அந்த நேரத்தில் போன் இல்லை, ‘டீ சொல்லட்டுமா’வும் இல்லை. மற்ற நேரத்தில் நீங்கள் எப்போதும் போல இருங்கள்.

வாட்ஸ்அப்லதான் பில்லே வருது. அதை எப்படி மூடி வைக்கிறது?

மூட வேண்டாம், பிரித்து வையுங்கள். ஆபீஸ் நம்பருக்குத் தனி போன், அல்லது கம்ப்யூட்டரில் மட்டும் ஆபீஸ் வாட்ஸ்அப். சொந்த போன் டிராயருக்குள். மேஜையில் கவிழ்த்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போன் அணைந்து கிடந்தாலும் கண்ணெதிரே இருந்தாலே யோசிக்கும் திறன் குறைகிறது, வேறு அறையில் இருந்தால் நன்றாக இருக்கிறது என்று டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் அதே முடிவு கிடைக்கவில்லை, அதனால் இதை வேதவாக்காகச் சொல்லமாட்டேன். ஆனால் டிராயரைத் திறக்க வேண்டியிருந்தால் எடுப்பது குறைகிறது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

இன்னொன்று, சாட்டைப் பார்த்துக்கொண்டே என்ட்ரி போடாதீர்கள். ஒரு பில் போடுவதற்குள் நாலு ‘குட்மார்னிங்’ படம் மேலே தள்ளிவிடும், எந்த பில் போட்டோம் என்பது குழம்பும், ஒரே பில்லை இரண்டு முறை போடுவீர்கள். வந்த பில்களைப் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் மொத்தமாக இறக்கி, பார்ட்டி பெயர், மாதம் என்று ஃபோல்டரில் போட்டுவிட்டு, வாட்ஸ்அப்பை மூடி, ஃபோல்டரிலிருந்து போடுங்கள்.

25 நிமிஷம் டைமர் வெச்சு வேலை பாருங்க, அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் எடுங்கன்னு யூடியூப்ல சொல்றாங்களே. நமக்கு ஆகுமா?

அது போமொடோரோ முறை. ஃப்ரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் 1980களின் கடைசியில், மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவ சமையல் டைமரை வைத்துத் தொடங்கியது. ஆரம்பிக்கவே மனம் வராத வேலைக்கு நன்றாக உதவும். மூன்று மாத பில் கட்டு குவிந்து கிடக்கிறது, தொடவே பிடிக்கவில்லை என்றால் டைமரை வைத்து உட்காருங்கள்.

ரீகன்சிலியேஷனுக்கு வேண்டாம். வித்தியாசத்தின் வாலைப் பிடித்துவிட்ட நேரத்தில் மணி அடித்தால் எரிச்சல்தான் வரும். அங்கே நிமிடத்தை விட்டுவிட்டு வேலையின் இயல்பான இடத்தில் நிறுத்துங்கள்: ஒரு மாத ஸ்டேட்மென்ட் முடிந்ததும், ஒரு லெட்ஜர் முடிந்ததும், ஒரு கட்டு பில் முடிந்ததும்.

நடுவுல எழுந்து போயிட்டு வந்தா எங்க விட்டேன்னே தெரியலை. மறுபடியும் மேலேருந்து பார்க்க வேண்டியிருக்கு.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். எழுந்திருக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று விஷயம் எழுதி ஃபைல் மேல் வையுங்கள்: எதுவரை முடிந்தது, எது இடிக்கிறது, அடுத்து கையை எங்கே வைக்க வேண்டும். மாதிரிக்கு ஒன்று:

“கரன்ட் அக்கவுண்ட், 17 வரை டிக் ஆச்சு. 18-இல் 36,000 செக், யாருக்குன்னு தெரியலை, பார்ட்டியைக் கேட்கணும். அதை விட்டுட்டு 19-லேருந்து தொடரவும்.”

எழுத அரை நிமிடம் ஆகும். எழுதாவிட்டால் திரும்பி வந்து மேலிருந்து பார்க்கக் கால் மணி நேரம். ‘அடுத்து’ என்ற பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள், பலர் ‘பேங்க் பெண்டிங்’ என்று மட்டும் எழுதுவார்கள். அது சீட்டே இல்லை. முடியாத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும். அதை எப்போது, எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டம் எழுதிவிட்டால், வேலை முடியாமலே அந்த அரிப்பு நின்றுவிடுகிறது என்று மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவர் 2011-இல் காட்டினார்கள். முதல் கேள்வியில் சொன்ன ‘பாதி மனது’ பிரச்சினைக்கும் இதுதான் மருந்து. ஆடிட்டர் திடீரென்று கூப்பிட்டாலும், “ஒரு நிமிஷம் சார்” என்று சொல்லி எழுதிவிட்டுப் போங்கள். அந்த ஒரு நிமிடத்துக்கு எந்த ஆடிட்டரும் கோபித்துக்கொண்டதில்லை. இன்னொரு லாபம், நாளை நீங்கள் லீவு என்றால் பக்கத்து சீட்டுக்காரர் உங்களுக்கு போன் செய்யாமலே வேலையைத் தொடருவார்.

வேலை செய்யும்போதே சம்பந்தமில்லாத ஞாபகமா வருது. கேஸ் புக் பண்ணலை, ஸ்கூல் ஃபீஸ் கட்டலை, ஊருக்கு டிக்கெட் போடலைன்னு. எப்படி நிறுத்தறது?

நிறுத்த முடியாது. எந்தத் தலைப்பு என்று தெரியாத ரசீதை என்ன செய்வோம்? சஸ்பென்ஸ் லெட்ஜரில் போட்டுவிட்டு மேலே போவோம். அதே மாதிரி மேஜையில் ஒரு சஸ்பென்ஸ் தாள். ‘கேஸ்’ என்று ஒரே வார்த்தை எழுதிவிட்டு என்ட்ரிக்குத் திரும்புங்கள். போனை எடுத்து உடனே புக் பண்ணப்போனால் கேஸ் புக் ஆகும், அப்புறம் இன்ஸ்டாவில் இருபது நிமிடமும் போகும்.

சஸ்பென்ஸை வருடக் கடைசிவரை விட்டுவைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு முறை, கிளம்பும் முன் ஒரு முறை தாளைக் காலி செய்யுங்கள்.

பாட்டு கேட்டுட்டே வேலை செய்யலாமா? எங்க சீனியர் அக்கா போன் பேசிட்டே என்ட்ரி போடுவாங்க, ஒரு தப்பும் வராது.

என்ட்ரிக்குப் பாட்டு ஓடட்டும். படித்துப் புரிந்து எழுதும் வேலைக்கு, முக்கியமாகப் பாட்டில் சொற்கள் இருந்தால், வேண்டாம். நீங்கள் எழுதும் வாக்கியமும் பாட்டின் வரியும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். சொல் இல்லாத இசை என்றால் பரவாயில்லை.

அக்கா விஷயம். பல வருடப் பழக்கத்தில் அவர் விரல் தானாக ஓடுகிறது, அவ்வளவுதான். பழகிய பார்ட்டி, பழகிய லெட்ஜர் என்பதால் நடக்கிறது. புது பார்ட்டியின் பில்லில் ஐஜிஎஸ்டியா (வெளிமாநில பில்), சிஜிஎஸ்டி-எஸ்ஜிஎஸ்டியா (உள்மாநில பில்) என்று பார்க்க வேண்டிய இடம் வந்தால் அவரும் பேச்சை நிறுத்துவார், கவனித்துப் பாருங்கள்.

மத்தியானம் சாப்பிட்டு வந்தா கண்ணு சொக்குது. டீ குடிச்சும் போக மாட்டேங்குது.

சாதத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம். சாப்பிடாவிட்டாலும் மதியம் இரண்டு, மூன்று மணிவாக்கில் உடம்பின் விழிப்பு கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதோடு மல்லுக்கட்டாமல் அந்த நேரத்துக்குக் கை வேலையை வையுங்கள், இரண்டாவது கேள்வியில் சொன்னபடி. நின்றுகொண்டு பில் அடுக்குவது, ஸ்கேன் செய்வது, பார்ட்டிகளைத் திருப்பிக் கூப்பிடுவது எல்லாம் இப்போது நடக்கட்டும்.

தூக்கக் கண்ணோடு டோட்டல் போட்டால் எண் இடம் மாறும். 2,73,510-ஐ 2,37,510 என்று போடுவீர்கள், பிறகு 36,000 வித்தியாசத்தைத் தேடி ஒரு மணி நேரம் போகும். பழைய கணக்கர்களின் வழி ஒன்று சொல்கிறேன்: வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று முதலில் அதைத் தேடுங்கள். 36,000 வகுபடும்.

டீ விஷயத்தில் ஒன்று. காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்தரை மணி டீ பத்தரைக்கும் பாதி உள்ளே இருக்கும். ராத்திரித் தூக்கம் கெட்டால் மறுநாள் மத்தியானம் இன்னும் மோசம். தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்க வைத்து 14 நாள் சோதித்த ஆய்வு ஒன்று 2003-இல் வந்தது. கடைசியில் அவர்கள் ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி முழுக்க விழித்தவர்கள் அளவுக்குத் தடுமாறினார்கள். தங்களுக்கு அவ்வளவு மோசமாகிவிட்டது என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

20-ம் தேதி நைட்டுதான் எனக்கு வேகமே வருது. பிரஷர்லதான் நான் நல்லா வேலை செய்வேன். அதை ஏன் மாத்தணும்?

வேகம் வருவது உண்மை. அது நல்ல வேலைதானா என்பதை 20-ம் தேதி ராத்திரி சொல்ல முடியாது, மூன்று மாதம் கழித்து நோட்டீஸ் வரும்போதுதான் தெரியும். 3பி-யை ஒருமுறை போட்டுவிட்டால் திருத்தி மறுபடி போட வழியில்லை, தவறை அடுத்த மாதங்களில்தான் சரிக்கட்ட வேண்டும். கடைசி நாளில் போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பார்ட்டியின் பேங்க் சர்வர் அன்றைக்கென்று படுக்கும். ஒரு நாள் தாண்டினால், வரி இருக்கும் ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அதைப் பார்ட்டி கட்டுவாரா, ஆபீஸ் கட்டுமா என்ற பேச்சு வேறு.

அந்த வேகத்தை விட வேண்டாம், தேதியை மட்டும் நகர்த்துங்கள். 17-ம் தேதியை உங்கள் கெடுவாக வைத்து, “17 சாயங்காலம் டிராஃப்ட் தர்றேன்” என்று ஆடிட்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். மனதுக்குள் வைத்துக்கொண்ட கெடு கெடுவே அல்ல, நமக்கு நாமே சலுகை கொடுத்துவிடுவோம்.

நாலு பார்ட்டி வேலையும் அவசரம்னு வந்து நிக்குது. யாரோடதை முதல்ல எடுக்கறது? சத்தம் போடறவரோடதையா?

அப்படித்தான் பெரும்பாலான ஆபீஸ்களில் நடக்கிறது. நான் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். இது தாமதமானால் தினமும் பணம் போகுமா? இதை நம்பி வேறு யாராவது காத்திருக்கிறார்களா? இதில் தவறினால் திருத்த முடியுமா?

நடுவில் இருக்கும் கேள்வியைத்தான் எல்லாரும் மறக்கிறோம். ஒரு திருப்பூர் யூனிட்டுக்கு நூல் விற்கும் பார்ட்டியின் ஜிஎஸ்டிஆர்-1-ஐ 11-ம் தேதிக்குள் போடவில்லை என்றால், அந்த மாத 2பி-யில் வாங்கியவருக்கு அந்த பில் வராது. அவருக்கு இன்புட் (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) கிடைக்காது, அவர் நம் பார்ட்டிக்குப் பணத்தை நிறுத்துவார், நம் பார்ட்டி நம்மிடம் வருவார். ஆகவே பத்தாம் தேதியன்று, மற்ற கம்பெனிகளுக்கு விற்கும் பார்ட்டி முதலில். பொதுமக்களுக்கு விற்கும் மளிகைக் கடைக்காரர் எவ்வளவு சத்தம் போட்டாலும் அடுத்துதான்.

இது எவ்வளவு நேரம் ஆகும்னு ஆடிட்டர் கேட்டா நான் சொல்றது எப்பவும் தப்பாதான் போகுது.

எல்லாருக்கும் அப்படித்தான். மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எழுதிவிட்டார்கள். ‘இந்த முறை எவ்வளவு ஆகும்’ என்று கற்பனை செய்யாமல் ‘போன மாதம் எவ்வளவு ஆனது’ என்று பார்ப்பதே வழி. அதற்குச் சீட்டின் மூலையில் ஆரம்பித்த நேரம், முடித்த நேரம் இரண்டையும் குறித்து வாருங்கள்.

வேலை நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பிரித்துச் சொல்லவும் பழகுங்கள். “என்ட்ரி மூணு மணி நேரம் சார். ஆனா அஞ்சு பர்ச்சேஸ் பில் இன்னும் வரலை, அது வந்ததுலேருந்து கணக்கு.” அப்படிச் சொன்னால் பார்ட்டியிடம் பில் கேட்கும் வேலையை அவரே எடுத்துக்கொள்ளவும் கூடும்.

எல்லாம் சரி. ஆடிட்டரே வந்து வந்து வேற வேலை கொடுத்தா? அவரை எப்படி நிறுத்தறது?

நிறுத்தாதீர்கள். அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். “சார், இப்ப ஃபவுண்டரி ரீகன்சிலியேஷன்ல இருக்கேன், பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிடும். அதை வெச்சிட்டு இதை எடுக்கட்டுமா, முடிச்சிட்டு எடுக்கட்டுமா?” பத்தில் ஏழு முறை “முடிச்சிட்டே எடுப்பா” என்றுதான் வரும். நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரியாததே பிரச்சினை. தெரிந்தால் அவரும் காத்திருப்பார்.

ஆடிட்டர்கள் யாராவது இதைப் படித்தால்: தோன்றும்போதெல்லாம் கூப்பிடாமல், ஆளுக்கு ஒரு தாள் வைத்துக் கேள்விகளைச் சேர்த்து, ஒரு நாளில் இரண்டு வேளை மொத்தமாகக் கேளுங்கள். அவசரத்துக்கு நடுவில் கூப்பிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

நான் வீட்லேருந்து என்ட்ரி போடறேன். வீட்லதானேன்னு எல்லாரும் வேலை சொல்றாங்க. குழந்தை வேற. கவனம் எங்கேருந்து வரும்?

இதற்குக் கவனப் பயிற்சி எதுவும் நான் சொல்லமாட்டேன். இது உங்கள் மனதில் உள்ள கோளாறு இல்லை, வீட்டில் வேலை பங்கு பிரியாதது. குழந்தை தூங்கும் நேரம், பள்ளியில் இருக்கும் நேரம், அத்தையோ அம்மாவோ பார்த்துக்கொள்ளும் நேரம் என்று நிஜமாகக் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்து, அதற்கேற்ற பில் கட்டை ஒப்புக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர வேலையை வாங்கிக்கொண்டு ராத்திரி பன்னிரண்டு வரை முழிக்க வேண்டாம். நடுவில் எழுந்திருப்பது உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம், ஆகவே மேலே சொன்ன சீட்டுப் பழக்கம் உங்களுக்குத்தான் ரொம்பத் தேவை.

எனக்குச் சின்ன வயசுலேருந்தே எதுலயும் மனசு நிக்காது. இது வியாதியா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெரியவர்களுக்கும் ஏடிஹெச்டி என்ற கவனக்குறைவுக் கோளாறு உண்டு. தைராய்டு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது, மனச்சோர்வு ஆகியவையும் இதே மாதிரி காட்டும். வீடு, வேலை, உறவு எல்லா இடத்திலும் வெகுகாலமாகப் பாதிக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி-மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

இதெல்லாம் ஒரு வாரம் ஓடுது, அப்புறம் பழையபடி ஆயிடுது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பித்திருப்பீர்கள், அதுவும் 18-ம் தேதிவாக்கில். 3பி முடிந்து கொஞ்சம் மூச்சு விடும் 22, 23-ம் தேதிவாக்கில், சீட்டு எழுதுவதை மட்டும் ஆரம்பியுங்கள். அது கையோடு வந்தபிறகு போன் முறை.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்ப வேண்டாம். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய நஷ்டம் இல்லை என்பதும் அதில் தெரிந்தது.

கடைசியா ஒண்ணு. வேலையைச் சீக்கிரம் முடிச்சா இன்னும் நாலு ஃபைலைத் தூக்கித் தலையில கட்டறாங்க. அப்புறம் எதுக்கு முடிக்கணும்?

நியாயமான கேள்வி. இதற்கு இனிப்பான பதில் இல்லை. சில ஆபீஸ்களில் நன்றாக வேலை செய்வதற்குப் பரிசு இன்னும் வேலைதான். அதனால் முடித்ததும் அடுத்த ஃபைலுக்கு ஓடாதீர்கள். முடித்ததை ஒருமுறை சரிபாருங்கள், நம் ஆபீஸ்களில் யாரும் நேரம் ஒதுக்காத வேலை அது. சீட்டு மூலையில் குறித்த நேரங்களை மாதக் கடைசியில் கூட்டி, எத்தனை பார்ட்டியின் வேலையை முடித்தீர்கள் என்று ஒரு தாளில் வையுங்கள். சம்பளம் பேசும் நாளில் “நான் நிறைய வேலை செய்யறேன் சார்” என்பதைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

ஆர்ட்டிகிள் பிள்ளைகள் மிச்சப்படுத்திய நேரத்தைப் படிப்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டிகிள்ஷிப் இப்போது இரண்டே வருடம், பரீட்சை சீக்கிரமே வந்து நிற்கும். “ஆறு மணிக்குக் கிளம்பறேன் சார், கிளாஸ் இருக்கு” என்று சேர்ந்த முதல் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். ஆறாவது மாதத்தில் சொன்னால் எடுபடாது.